எட்டாம் மாசத்துக்கு மேல் குழந்தையின் அசைவு: எது வழக்கம், எப்போது கிளம்ப வேண்டும்

"ஒன்பதாம் மாசம் ஆச்சுன்னா உள்ளே இடம் இருக்காது, அசைவு குறையத்தான் செய்யும்." மாசமாக இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். டிசம்பர், ஜனவரியில் "குளிருக்குச் சுருண்டு படுத்திருக்கும்" என்பதும் சேர்ந்துகொள்ளும். இவற்றை நம்பி ஓர் இரவைக் கடத்திவிடக் கூடாது.

குளிர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் உடல் சூடு தாயினுடையதைவிட அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதல். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி வெளுத்துக் கிடந்தாலும் அந்தக் குளிர் உள்ளே எட்டாது. இடம் குறைவது உண்மைதான். ஆனால் அதனால் மாறுவது அசைவின் தன்மை. ஏழாம் மாசத்தில் சுருக்கென்று விழுந்த உதை, கடைசி வாரங்களில் நெளிவாக, புரளலாக, விலா எலும்புக்குக் கீழே காலை ஊன்றி நீட்டுவதாக மாறும். எண்ணிக்கை 32 வாரம் வரை கூடிக்கொண்டே வந்து, அதன்பின் பிரசவம் வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். வலி எடுத்த பிறகும் குழந்தை அசையும். "நாள் நெருங்கிடுச்சு, அதான் அடங்கிடுச்சு" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று எல்லாக் குழந்தைக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும், 28 வாரத்துக்குள் அது உங்களுக்குப் பிடிபட்டுவிடும். உள்ளே அது 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும். ஒரே மூச்சாக 90 நிமிடத்தைத் தாண்டித் தூங்குவது அபூர்வம். பிற்பகலிலும் இரவு படுக்கும் நேரத்திலும் ஆட்டம் அதிகம். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்று இலை பறிப்பவருக்குப் பகல் அசைவு பாதி தெரியாது. குன்னூர் மலைப்பாதையில் பஸ்ஸில் ஆடிக்கொண்டு வரும்போதும் அப்படித்தான். அதனால் வேலையிலோ வண்டியிலோ தெரிந்ததை வைத்துக் கணக்குப் போடாமல், வீட்டுக்கு வந்து படுத்துக் கவனிக்க வேண்டும்.

நச்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் 28 வாரம் வரை அசைவு மந்தமாகத் தெரியலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஆன்டீரியர்' என்று எழுதியிருப்பார்கள். அதன்பின் அதுவே சாக்காகிவிடக் கூடாது. வழக்கமாகத் தெரிந்துகொண்டிருந்தது குறைந்தால், நச்சுக்கொடி எங்கே இருந்தாலும் குறைவு குறைவுதான்.

இனி, பயமுறுத்தினாலும் பெரும்பாலும் பயமில்லாதவை. ஒரே தாளத்தில், ஒரே இடத்தில், சில நிமிடங்கள் டொக்கு டொக்கென்று அடித்தால் அது விக்கல். ஒரு நாளில் பல முறை வரலாம். அசைவைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்க வேண்டாம். குக்கர் விசில், பட்டாசுச் சத்தம் கேட்டு உடம்பு முழுக்கத் தூக்கிப்போடுவது குழந்தையின் இயல்பான அதிர்ச்சி அசைவு. காது கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வளைகாப்பில் வளையல் குலுங்கும்போது உதைக்கிறது என்று அத்தைமார் சிரிப்பதிலும் பொய்யில்லை. கைகால் ஒரு நொடி நடுங்கியதுபோல் படபடப்பதும் உண்டு. தலை இறங்கிய பிறகு அடியில், கரண்ட் ஷாக் அடித்ததுபோல் சுளீரென்று ஒரு குத்து வந்து மறையும். கர்ப்பப்பை வாயிலும் பக்கத்து நரம்புகளிலும் தலை இடிப்பதால் வருவது. தொப்புளுக்குக் கீழேயே எப்போதும் உதை விழுந்து, விலாப்பக்கம் உருண்டையாகக் கடினமாக ஏதோ தட்டுப்பட்டால் தலை மேலே இருக்கலாம். ஆபத்து என்றில்லை, ஆனால் 36 வாரச் செக்கப்பில் சொல்லிவிடுங்கள்.

வயிறு முழுக்கக் கல்லாக இறுகி, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் தளர்வதை அசைவோடு குழப்பிக்கொள்வார்கள். அது பொய்வலி, கர்ப்பப்பையின் வேலை. இறுகிய வயிறு தளராமலே இருந்தாலும், கூடவே வலியோ ரத்தமோ இருந்தாலும் கதை வேறு. அப்போது அசைவை எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூடுதல் அசைவைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. தினமும் துறுதுறுவென்று இருக்கும் குழந்தை, வாரம் ஏற ஏற உதை வலுக்கும் குழந்தை நல்ல அறிகுறி. ஆனால் இதுவரை இல்லாத மாதிரி திடீரென்று ஒரே ஒரு முறை, வெறிபிடித்ததுபோல் உலுக்கியெடுத்து, பிறகு அமைதியாகிவிட்டால் அதையும் அசைவு குறைந்ததற்குச் சமமாகவே எடுத்துக்கொண்டு அன்றே போய்ப் பார்க்க வேண்டும். அப்படி வந்தவர்களில் பலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இருந்தாலும் இந்த மாதிரியான ஒற்றை ஆட்டத்துக்கும் குழந்தை இறப்புக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குறைவதற்குக் காரணம் என்ன? நச்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனும் சத்தும் குறையும்போது, குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடித்துக் கைகாலுக்கான செலவைக் குறைத்துக்கொள்ளும். வளர்ச்சிக் குறைவு, பனிக்குட நீர் குறைவு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இவையெல்லாம் இதன் பின்னால் இருக்கலாம். கூடலூர், பந்தலூர் பகுதிப் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை உண்டு. அந்த நோய் உள்ள தாய்மாருக்குக் குழந்தை வளர்ச்சி குறையும் வாய்ப்பு அதிகம், அதனால் அவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மருந்தாலும் தற்காலிகமாகக் குறையலாம்: நுரையீரல் முதிர்ச்சிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மந்தமாக இருப்பதுண்டு. "ஊசியாலதான்" என்று நீங்களே முடிவுகட்டாமல், ஊசி போட்ட இடத்திலேயே கேளுங்கள்.

எண்ணும் முறைக்கு வருவோம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பரவலாகச் சொல்வது: காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு மணி நேரம் இடதுபக்கமாகப் படுத்து எண்ணுவது. மணிக்கு மூன்றாவது இருக்க வேண்டும். மூன்று வேளைக் கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் 12 மணி நேரக் கணக்கு. அது பத்துக்குக் கீழே போகக் கூடாது. இன்னொரு முறை, சந்தேகம் வந்தவுடன் படுத்து இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வருகிறதா என்று பார்ப்பது. உங்கள் டாக்டர் எதைச் சொன்னாரோ அதையே பின்பற்றுங்கள். தொடர்ந்து விழும் நாலு உதையை ஒன்றாக எண்ணுவதா நாலாக எண்ணுவதா என்பதையும் கேட்டுவைத்துக்கொண்டு, தினமும் ஒரே மாதிரி எண்ணுங்கள். போனையும் டிவியையும் அணைத்துவிட்டு வயிற்றில் கை வைத்துப் படுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

என்றாலும் எண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 1989-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சுமார் 68,000 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்தபோது, எல்லோரையும் முறையாக எண்ணச் சொன்னதால் மட்டும் வயிற்றுக்குள் குழந்தை இறப்பது குறையவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் இருபது வரும் குழந்தை இன்று நாலு தடவைதான் அசைந்தது என்றால், மூன்றுக்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குவது சரியா? வழக்கம் மாறிவிட்டது, கிளம்ப வேண்டியதுதான். கொஞ்சமும் அசைவே இல்லை என்றால் இரண்டு மணி நேரமும் காத்திருக்கத் தேவையில்லை.

சர்க்கரைத் தண்ணீர், ஜூஸ், ஐஸ் வாட்டர் குடித்துவிட்டு உசுப்பிப் பார்ப்பதில் நேரம் போவதுதான் மிச்சம். பசியோடு இருந்தால் சாப்பிடுங்கள், அதைப் பரிசோதனையாக நினைக்காதீர்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் வாங்கும் கைக்கருவி அதைவிட மோசம். தாயின் நாடித்துடிப்பும் நச்சுக்கொடியின் ரத்த ஓட்டமும் அதில் குழந்தை இதயம்போலவே கேட்கும். நிஜமாகவே இதயம் கேட்டாலும், குழந்தை சிரமத்தில் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு தனிப் பிரச்சினை. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆடி மாச மழையில் பந்தலூர்ப் பக்கம் மரம் விழும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரியும், இரவில் யானை குறுக்கே நிற்கும். மதியம் வந்த சந்தேகத்தை மதியமே தீர்த்துக்கொண்டால் இரவு வண்டி தேட வேண்டியதில்லை. ஆனால் இரவில்தான் தெரிந்தது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ஏழாம் மாசச் செக்கப்பிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் சில விஷயங்களைக் கேட்டுவைக்கலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு யார் இருப்பார்கள், குழந்தையின் இதயத் துடிப்பை கிராஃபாகப் பதியும் என்எஸ்டி மெஷின் எங்கே இருக்கிறது, தேவைப்பட்டால் குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்கா, ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கா, எங்கே அனுப்புவார்கள்? 108-க்குப் பேசும்போது எஸ்டேட் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், லைன் வீடு, பக்கத்து பஸ் ஸ்டாப் எல்லாம் சொல்ல வேண்டும். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். தாய் சேய் அட்டை, கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்ததும் வாரத்தையும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும்: "36 வாரம், நேத்து ராத்திரி எட்டு மணியிலிருந்து அசைவு குறைவு." "ஒரு மாதிரியா இருக்கு" என்று இழுத்தால் வரிசையில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். முதலில் குழந்தையின் இதயத் துடிப்பு, வழக்கமாக நிமிடத்துக்கு 110 முதல் 160. கூடவே உங்கள் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், வயிற்றின் அளவு. பிறகு என்எஸ்டி: சிறுநீர் கழித்துவிட்டுச் சாய்ந்து படுக்க, வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்த ஒரு பட்டன் தருவார்கள். 20 நிமிடத்தில் குறைந்தது இரண்டு முறை துடிப்பு 15 எகிறி 15 நொடி நின்றால் நல்ல கிராஃப். குழந்தை தூங்கினால் 40 நிமிடம் வரை நீட்டுவார்கள். அப்புறம் தேவைப்பட்டால் ஸ்கேனில் வளர்ச்சி, நீர், ரத்த ஓட்டம்.

ஒரு முறை அசைவு குறைந்து வந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் சிக்கலில்லாமலே போகிறது. அதனால் எல்லாம் நார்மல் என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்எஸ்டி சொல்வது அந்த நேரத்து நிலையைத்தான், அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள். "போன வாரம்தானே பார்த்தோம்" என்று கவுண்டரில் முகம் சுளித்தால், "இது ரெண்டாவது தடவை" என்று அழுத்திச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் குறைவது முதல் தடவையைவிடக் கவனிக்க வேண்டியது. ஸ்கேன் இல்லாமல் அன்று அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்பதிலும் தவறில்லை.