மோந்திரியான் கவுனும் மறைந்திருக்கும் தையலும்

எங்கிருந்தோ பார்த்து எடுத்தால் காப்பியா, இன்ஸ்பிரேஷனா என்று டிசைனர்கள் நடுவே ஒரு சண்டை ஓயாமல் ஓடுகிறது. அது வரும்போதெல்லாம் எனக்கு 1965-இல் பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் ஈவ் சான் லோரான் பாரிஸில் வெளியிட்ட மோந்திரியான் கவுன்தான் நினைவுக்கு வரும்.

வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள்; நடுவே தடித்த கறுப்புக் கோடுகள். 1944-இல் மறைந்த ஓவியர் பியெத் மோந்திரியானின் படத்தை அப்படியே ஆளுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அவ்வளவு அப்பட்டம்.

ஆனால் ஓவியத் துணி தட்டையானது, உடம்பு அப்படியா? துணியில் அச்சடித்துத் தைத்திருந்தால், மார்புப் பக்கம் டாட் (வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடித்ததுமே கோடுகள் கோணிப்போயிருக்கும். அதனால் சான் லோரான் அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு வண்ணக் கட்டத்தையும் கம்பளி ஜெர்சித் துணியில் தனித்தனியாக வெட்டி இணைத்தார்கள். உடம்பின் வளைவுக்குத் தேவையான வேலை முழுவதும் கட்டங்கள் சேரும் தையல்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. பார்க்கிறவர் கண்ணுக்குக் கோடு நேராக நிற்கும்.

என்னைக் கேட்டால், அவர் மோந்திரியானிடம் எடுத்தது நிறத்தை மட்டுமல்ல, தையலை மறைக்க ஓர் இடத்தையும்தான். எங்கே எடுத்தேன் என்று மறைக்கவும் இல்லை.

அப்புறம் என்ன, மலிவான நகல்கள் கடைகளில் குவிந்தன!

இந்தக் கவுன் வந்த அதே உடைத் தொகுப்பில் செர்ஜ் பொலியாகோஃப் ஓவியங்களைப் பார்த்துச் செய்த உடைகளும் உண்டு. பாவம், அவற்றைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.