பெரிய கோயிலின் சுவரில் ஈழத்தைத் தேடிய நாள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும் எவரும் முதலில் விமானத்தின் உயரத்தையே அண்ணாந்து பார்ப்பர். நான் சுவர்களைப் படிக்கும் எண்ணத்துடன் போனேன். இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்தில் தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டொன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உண்டு. அதைப் பற்றி அறிந்த நாள்தொட்டு, அதே பெயரில் தஞ்சையில் எழுந்த கோயிலைக் காணவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்துவந்தது. இவ்வருடம் தைப்பொங்கல் கழிந்ததும் அம்மாவுடன் திருச்சிக்கு விமானம் ஏறினேன்.

மறுநாட் காலை எட்டு மணிக்கெல்லாம் கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் கடந்து உள்ளே நின்றோம். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற இக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 60 மீற்றர் உயரமானது. அதன் நிழல் தரையில் விழுவதேயில்லை என்று வழிகாட்டி இளைஞர் ஒருவர் எங்களிடம் சொல்லத் தொடங்கினார். மேற்குப் பக்கத்துக் குளிர்ந்த தளவரிசையில் நின்ற அம்மா, "தம்பி, அப்ப நாங்கள் இப்ப நிக்கிறது எதின்ரை நிழல்?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு நந்தியின் பக்கம் கையைக் காட்டினார். அந்த நந்தியும் இராசராசன் காலத்தது அன்று, நாயக்கர் வைத்தது.

என் நேரமெல்லாம் கல்வெட்டுகளிலேயே போயிற்று. தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தன் பெண்டுகளும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி இராசராசன் ஆணையிட்டதால், இச்சுவர்கள் ஒரு பெருங் கணக்கேடாகவே நிற்கின்றன. பிற ஊர்க் கோயில்களிலிருந்து வருவிக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் ஆடல்மகளிருக்கு, எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதுகூட அதிலே பதிவாகியிருக்கிறது. ஈழத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு விடப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து நெல்லும் காசும் விளக்குக்கு இலுப்பைப்பாலும் (இலுப்பெண்ணெய்) வரவேண்டும் என்பது ஏற்பாடு.

சோழர் 993இல் அநுராதபுரத்தை வீழ்த்தியதையும் 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்ததையும் பாடசாலையில் படையெடுப்பு என்ற தலைப்பின் கீழ்ப் படித்தோம். வீட்டிலோ அதே சோழரைப் பெருமையோடு பேசினோம். இரண்டிலும் இடம்பெறாதவர்கள், கடலுக்கு அப்பாலிருந்த ஒரு கோயிலின் விளக்கெரிய இலுப்பைக் கொட்டை பொறுக்கிய அந்த ஊரவர்கள். அவர்கள் அதை விரும்பிக் கொடுத்தார்களா என்பதைக் கல் சொல்லாது. கணக்கேட்டில் அதற்கு இடமில்லை.

புள்ளியில்லாத அவ்வெழுத்துகளில் ட, ப, ம என்று சிலவற்றையே என்னால் இனங்காண முடிந்தது. 'ஈழ' என்ற இரண்டெழுத்தைத் தேடி அதிட்டானம் எனப்படும் அடித்தளத்தைச் சுற்றி ஒன்றரை மணித்தியாலம் நடந்தும் அது கண்ணிற் படவில்லை. அம்மா திருச்சுற்று மாளிகையில் அமர்ந்து தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நண்பகலில் அரண்மனைக்குப் போனோம். அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்தில் பார்வைக்கு வைத்திருப்பவை சிலவே. பக்கத்துக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளோ எங்களை அசையவிடவில்லை. பொலன்னறுவையில் கண்டெடுத்துக் கொழும்பில் வைத்திருக்கும் காரைக்காலம்மையாரின் உடன்பிறப்புகள் போலவே அவை எனக்குத் தோன்றின.

மாலையில் மீண்டும் கோயிலுக்குத் திரும்பினோம். விளக்கேற்ற விரும்பிய அம்மா, வெளியே ஒரு கடையில், "இலுப்பெண்ணெய் இருக்கோ?" என்று விசாரித்தார்.

"இல்லைங்கம்மா, நல்லெண்ணெய்தான் இருக்கு," என்றார் கடைக்காரப் பெண்மணி.

அதையே வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.