ஒரே டிரைவர், இரண்டு கெர்னல், 115 நாள் தூக்கம்

என் லேப்டாப்பில் ஓடும் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி. அதன் வைஃபை கார்டுக்கு, உறவு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் டிரைவர் (கார்டை இயக்க, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல்) இருந்தது, ஃப்ரீபிஎஸ்டியில் இல்லை. நண்பரிடமும் அதே கார்டு. அவர் ஓட்டுவது இன்னொரு உறவான நெட்பிஎஸ்டி. இன்டெல் கார்டுகளுக்கான ஐடபிள்யூஎம் டிரைவர் 2015-இல் இப்படித்தான் ஓபன்பிஎஸ்டியிலிருந்து மற்ற பிஎஸ்டிகளுக்குப் போனது. சரி, ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோவோம் என்று இறங்கினோம்.

முதல் இரண்டு வாரம் வீண். ஓபன்பிஎஸ்டியிலிருந்து நான் எடுத்த டிரைவர் கோப்பு ஒரு பதிப்பு, அவர் எடுத்தது அதிலிருந்து மூன்று திருத்தம் தள்ளி. அவருடைய பேட்ச் (திருத்தங்களின் தொகுப்பு) என் பக்கம் உட்காரவே இல்லை. அப்புறம்தான் பேசிவைத்துக்கொண்டோம்: கோப்பின் தலையில் டாலர் குறிகளுக்கு நடுவே இருக்கும் பதிப்பு வரியை அழிப்பதில்லை, அந்தப் பதிப்பைக் கைவைக்காமல் முதல் கமிட்டாக (வரலாற்றில் சேமிக்கும் பதிவாக) போட்டுவிட்டு, எங்கள் மாற்றங்களை அதன்மேல் ஏற்றுவது.

அவர் வேலை வேகமாக நகர்ந்தது. டிஎம்ஏ (கார்டு நேரடியாக நினைவகத்தைத் தொடும் வழி) அழைப்புகள் நெட்பிஎஸ்டியில் கிட்டத்தட்ட ஓபன்பிஎஸ்டி மூலத்தில் இருப்பது போலவே. ஃப்ரீபிஎஸ்டியிலோ நினைவக முகவரி ஒரு கால்பேக் (கெர்னல் திருப்பி அழைக்கும் ஃபங்ஷன்) வழியாகத்தான் கைக்கு வரும். போதாக்குறைக்கு, 2009-இல் வந்த 8.0-இலிருந்து வைஃபை அடுக்கே, ஒரே கார்டின் மேல் மெய்நிகர் இடைமுகங்களை உருவாக்கும் விஏபி முறைக்கு மாறிவிட்டது. அந்தப் பகுதியை நான் தனியாகத்தான் எழுதினேன். மற்றதற்கு இருவரும் பகிரும் ஒரு ஹெடர் கோப்பு வைத்து, பெயர் வித்தியாசங்களை மேக்ரோவில் (ஒரு பெயரை இன்னொன்றாக மாற்றிவிடும் வரி) மறைத்தோம்.

அந்த ஹெடர்தான் கவிழ்த்தது. கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் பதில் தராவிட்டால் ஒரு நொடியில் கைவிட வேண்டிய டிரைவர், இருவரிடமும் உறைந்து நின்றது. மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்) மேல் சந்தேகப்பட்டு நான் மூன்று இரவைத் தொலைத்தேன். கடைசியில் பார்த்தால், காத்திருக்கச் சொல்லும் ஃபங்ஷனான ஓபன்பிஎஸ்டியின் டிஸ்லீப்_என்செக் நேரத்தை நானோநொடியில் வாங்குகிறது. எங்கள் பக்கத்து டிஸ்லீப்பும் எம்ஸ்லீப்பும் டிக் (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) கணக்கில். மேக்ரோ பெயரை மாற்றியதே தவிர எண்ணைத் தொடவில்லை. ஒரு நொடி என்பது 100 கோடி நானோநொடி; அந்த எண் 32 பிட் இன்டுக்குள் (முழு எண் வகை) அடங்கிவிடுவதால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. நொடிக்கு 100 டிக் ஓடும் அவர் கணினியில் அது 115 நாள்; 1000 ஓடும் என்னுடையதில் பதினொன்றரை.

“உங்களுக்குப் பரவாயில்லை, சீக்கிரம் எழுந்துவிடும்” என்றார்.

அன்றைக்கே அந்த மேக்ரோவைத் தூக்கினோம். அலகு, லாக், நினைவகம் இவற்றைத் தொடுகிற எதுவும் இப்போது பொது ஹெடரில் கிடையாது. அவரவர் பக்கத்தில் அவரவர் எழுதுகிறோம். நாளுக்கு ஒரு செய்தி போகும்: எந்தப் பதிப்பு, எந்த ஃபங்ஷனில் கை வைத்தோம், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் வைஃபை ஓடுகிறது. லேப்டாப்பை மூடித் திறந்தால் மட்டும் என் கார்டு இன்னும் எழுவதில்லை. அவருடையது எழுகிறது.