செம்பருத்தி வேலியை மேய்ந்த ஆடு

என் தலைமுடி அடர்த்தியானது, சற்றே சுருளானது, எந்தச் சீப்புக்கும் எளிதில் வழிவிடாதது. கோவையில் இருந்தவரை அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை. திருமணமாகிச் சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்ககத்துக்குக் குடிவந்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரின் குணத்துக்கு வந்து சேர்ந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் முடி காயும், ஆனால் படியாது. பின்னல் போட்ட பிறகும் அதற்குள் அடங்க மறுத்தவை நெற்றியைச் சுற்றி விறைத்துக்கொண்டு நிற்பதால், உறவினர் வீட்டு விசேஷங்களின் புகைப்படங்களில் எல்லாம் நான் எதையோ கண்டு திடுக்கிட்டவளாகவே பதிவாகியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஆலோசனைக்குப் பஞ்சம் வராது. என் அம்மா கொங்கு மண்ணின் அரப்புக் கட்சி. உசில மரத்து இலையைக் காயவைத்து அரைத்த தூளைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட முடியும் வழிக்கு வரும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் தொலைபேசியில் அழைத்து, "எண்ணெய் தேய்ச்சியா கண்ணு?" என்று கேட்ட பிறகே மற்ற நலன்களை விசாரிப்பார். என் மாமியாரோ நாகர்கோவில்காரர். செம்பருத்தி இலைத் தாளியைத் தவிர வேறெதுவும் தலையில் ஏறத் தகுதியற்றது என்று நம்புகிறவர். இருவரும் நேரில் சந்தித்தால் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையுடன் 'சம்பந்தியம்மா' என்று அழைத்துக்கொள்வார்கள். அரப்பா, தாளியா என்ற பேச்சு எழுந்தால் மட்டும் அந்த மரியாதை இன்னும் கூடிவிடும். அதுதான் ஆபத்தின் அறிகுறி. மூன்றாவது கட்சியாக, தெருமுனை அழகு நிலையத்துப் பெண் 'கெரட்டின்' சிகிச்சையை முன்மொழிந்தார். அதன் கட்டணம் எங்கள் வீட்டு மாத மளிகைக்குச் சமம் என்பதோடு, அவ்வகைப் பூச்சுகள் சிலவற்றில் சூடுபட்டால் பார்மால்டிஹைடு வாயு வெளியேறும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்ததால், புன்னகையோடு விடைபெற்றேன். என் கணவர் எந்தக் கட்சியிலும் இல்லை. முடி என்ற பிரச்சினையையே சில ஆண்டுகளுக்கு முன்பு முற்றாகத் தீர்த்துக்கொண்டவர் அவர்.

அத்தை எங்களோடு தங்க வந்ததும் இயல்பாகவே தாளிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர் அதைச் செய்யும் விதமே தனி. முற்றிய இலைகளை மட்டும் பொறுக்கிக் கழுவி, அகலமான பாத்திரத்தில் நீர் விட்டு ஊறவைத்து, கையாலேயே பிசைவார். மிக்ஸியில் அரைத்தால் சக்கை பிரியாது என்பது அவர் சட்டம். பிசையப் பிசைய நீர் கெட்டியாகி, விரல்களுக்கிடையே நூலாக இழுபடும் பச்சை வழுவழுப்பாக மாறும். அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் தலைக்குத் தர வேண்டும். வடிகட்டாமல் விட்டால் இலைத் துணுக்குகளை அலுவலகம்வரை சுமந்துசெல்ல நேரும். அந்த வழுவழுப்பில் காரணமில்லாமல் இல்லை. வறண்ட முடியின் மேற்புறத்தில் உள்ள நுண்ணிய செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்பதால்தான் அது சொரசொரக்கிறது, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. செம்பருத்தி இலையிலும் ஊறிய வெந்தயத்திலும் உள்ள பிசின் அந்தச் செதில்களின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சீப்பு வழுக்கிச்செல்ல வழி செய்கிறது. ஆனால் அது பூச்சுதான். அடுத்த குளியலில் போய்விடும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை தாளி, அதற்கு இரண்டு பை இலை.

இலைக்கு எங்கே போவது என்ற கேள்வியை அத்தை என்னிடம் எழுப்பவேயில்லை. எங்கள் அடுக்ககத்தின் நடைபாதையோரம் செம்பருத்தி வேலி ஒன்று இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தது. விடியற்காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, மடித்த துணிப்பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவர் இறங்கிப்போவதை நான் உடல்நலத்தின் மீதான அக்கறை என்றே நினைத்திருந்தேன். அப்படியிருக்க, ஒரு காலையில் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளரின் அறிவிப்பு வந்தது. நடைபாதையோரச் செம்பருத்தி வேலி கீழ்ப்பகுதி முழுவதும் இலையின்றிக் காணப்படுவதாகவும், கடித்த உயரத்தைப் பார்க்கும்போது வெளியிலிருந்து ஆடு ஏதேனும் உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று கருதப்படுவதாகவும், காவலாளி இரவு வேளையில் வாயிலைக் கண்காணிக்க அறிவுறுத்தப்பட்டிருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. கீழே மொட்டையான வேலியின் புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "ஆடாம்! ஆடு என்றால் கொழுந்தைத்தானே கடிக்கும்? நான் ஒரு கொழுந்தைத் தொட்டிருப்பேனா மக்களே?" என்று அவர் கேட்டபோது, அவருக்கு வருத்தம் திருட்டுப் பட்டத்தைப் பற்றியதல்ல, தொழில் நேர்த்தியைப் பற்றியது என்பது விளங்கியது. காவலாளியோ அன்றிரவு மிகுந்த கடமையுணர்ச்சியோடு ஆட்டுக்காகக் காத்திருந்தார். கிளைகளை வளைத்துப் பிடித்து அத்தைக்கு உதவியவரே அவர்தான்.

உண்மை வெளிப்பட்டது நான் எதிர்பாராத வழியில். செயலாளரின் மனைவி ஒரு மாலை எங்கள் கதவைத் தட்டினார். கண்டிப்பதற்காக வந்திருக்கிறார் என்று எண்ணி நான் மன்னிப்பு வாசகங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருக்க, அவரோ குரலைத் தாழ்த்தி, "அந்தத் தாளியில் எனக்கும் ஒரு கிண்ணம் கிடைக்குமா அம்மா?" என்று அத்தையிடம் கேட்டார். அவர் முடியும் என் முடியைப்போலவே ஆகியிருந்தது. பேச்சு வளர, இரண்டாம் மாடியில் ஒருவருக்கும் அப்படியே, புதிதாக வந்த மருமகளுக்கும் அப்படியே என்று தெரிந்தது. ஒரே கட்டடத்தில் இத்தனை பேருக்கு ஒரே குறை என்றால் குற்றவாளி தலையில் இல்லை, குழாயில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர்; அவரிடம் நீரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிறன்று அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. குளியலறை நீரில் சாயப்பொடியைக் கலந்ததும் அது திராட்சைச் சிவப்பானது. இனிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் நீர் நீலமாக மாற வேண்டும், சொட்டு ஒன்றுக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் கணக்கு. பத்துச் சொட்டுவரை எல்லோரும் ஆர்வமாக எண்ணினோம். இருபதில் செயலாளரின் முகம் சற்று மாறியது. முப்பதாவது சொட்டில்தான் நீலம் வந்தது. ஆக 750. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் 200 மில்லிகிராமை ஏற்கிறது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. அதைக் குடிப்பதில்லை, குளிக்கத்தான் செய்கிறோம் என்றாலும், அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகின்றன. ஷாம்பூ போட்டாலும் முடியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகின்றன. அதன்மேல் அரப்போ தாளியோ பாவம் எவ்வளவுதான் போராடும்? இதைக் கேட்டதும் அம்மா தொலைபேசியில், "நான் அப்பவே சொன்னேன், நம்ம சிறுவாணித் தண்ணியாட்டம் வருமா?" என்றார். அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

கட்டடத்தின் அடித்தளத்தில் இந்தக் குறைக்கென்றே ஒரு மென்னீர்க் கருவி நிறுவப்பட்டிருந்தது என்பதும் அன்றே தெரியவந்தது. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிறைந்துபோனால், அடர்த்தியான உப்புக் கரைசலால் அவற்றைக் கழுவி மீண்டும் தயார் செய்ய வேண்டும். அந்த உப்பை வாங்குவதை முந்தைய ஆண்டு 'தவிர்க்கக்கூடிய செலவினம்' என்ற தலைப்பில் சங்கம் நிறுத்தியிருந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்பதைக் கூட்டக் குறிப்பேட்டிலிருந்து செயலாளரின் மனைவியே உரக்கப் படித்துக் காட்டினார். செயலாளர் மேசைமேலிருந்த நீல நீரைச் சிறிது நேரம் கூர்ந்து நோக்கினார். "உப்புத் தண்ணியைச் சரியாக்க உப்பா?" என்று அத்தை கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் மிகவும் நன்றியோடு, அரைமணி நேரம் விளக்கம் அளித்தார்.

உப்பு மூட்டைகள் வந்தன, கருவி ஓடியது. முடி ஒரே நாளில் பட்டாகிவிடவில்லை. படிந்திருந்தது மெல்லத்தான் விலகியது. அதற்குள் நான் இரு கட்சிகளின் திட்டங்களிலிருந்தும் பொறுக்கிக்கொண்டு என் வழக்கத்தை அமைத்துக்கொண்டேன். குளிப்பதற்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெய்: அது முடியின் உள்ளேயே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தத் திறன் இல்லை என்றும் 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. மறுநாள் கொதிநீரில் அல்லாமல் இளஞ்சூட்டில் குளியல். நுனிப் பாதிக்கு மட்டும் கண்டிஷனர் அல்லது தாளி. பூத்துவாலையால் முறுக்கித் துவட்டாமல் பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தல். ஈரம் முழுதும் போவதற்குள் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல். ஒரு நாள் சீப்பு உச்சியில் நுழைந்து நுனியில் தடையின்றி வெளிவந்தபோது, எங்கேயும் மாட்டாததால் என் கைதான் தடுமாறியது.

வெற்றிக்கு உரிமை கோரியவர்கள் நால்வர். அத்தை தாளி என்றார். அம்மா எண்ணெய் என்றார். அழகு நிலையத்துப் பெண், தான் கெரட்டின் என்று சொன்ன அதிர்ச்சியிலேயே முடி திருந்தியிருக்கலாம் என்றார். செயலாளர் அடுத்த பொதுக்குழுவில் மென்னீர்த் திட்டத்தைத் தம் நிர்வாகத்தின் சாதனையாக அறிவித்தார். ஆட்டைப் பற்றிய அறிவிப்பை அவர் திரும்பப் பெறவில்லை. ஆனால் வேலியோரம் இன்னும் பத்துச் செம்பருத்திக் கன்றுகள் நட ஏற்பாடானபோது, எந்த வகை நட வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியது எங்கள் வீட்டுக்குத்தான். ஒற்றை அடுக்குச் சிவப்பு என்று அத்தை தீர்ப்பளித்தார்.

அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் 'உப்பு' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. என் கணவர் அதை அடிக்கோடிட்டு, தமக்கு இதனால் யாதொரு பயனும் இல்லையாதலால் எங்கள் வீட்டுப் பங்கில் ஓர் ஆள் கணக்கைக் கழித்துத் தருமாறு சங்கத்துக்கு எழுதினார். சான்றாகத் தம் புகைப்படத்தையும் இணைத்திருந்தார். கீசரின் கம்பியில் சுண்ணாம்பு படிவதும் இதனால் குறையும் என்றும், கீசருக்குத் தலைமுடி தேவையில்லை என்றும் செயலாளர் அன்று மாலையே பதில் அனுப்பினார். கணவர் முழுத் தொகையையும் செலுத்திவிட்டார்.