அளந்து செய்த நாற்காலி

என் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997 முதல் வழக்கில் இருக்கிறது. அதில் அவள் நான்காம் நிலை. பிடிப்பு இல்லாமல் அவளால் வெகுநேரம் உட்கார முடியாது. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் பல ஆண்டுகள், அவள் தலை சாயும்போதெல்லாம் தலைக்கே முட்டுக் கொடுத்துவந்தோம். தலையணை, சுருட்டிய துண்டு, கழுத்துப் பட்டை என எதை வைத்தாலும் பத்து நிமிடத்தில் அவள் சறுக்கிக் கீழே இறங்கிவிடுவாள்.

முதலில் வாங்கிய நாற்காலி அவளுக்குப் பெரியது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொன்னதை நம்பினோம். பள்ளிச் சீருடையை ஓர் அளவு கூட்டி எடுக்கும் நம் கணக்கு நாற்காலிக்குப் பொருந்தாது. இருக்கையின் ஆழம் தொடையின் நீளத்தை மிஞ்சினால் பலகையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். அந்த வலி தாளாமல் குழந்தை இடுப்பை முன்னே தள்ளிக்கொள்ளும். இடுப்பு பின்புறம் சாய, முதுகு வில்லாக வளையும். வளைந்த முதுகின்மேல் தலை மார்பில் கவிழும், அல்லது எதிரே பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்கிக்கொள்ளும்.

இதைக் கண்முன் காட்டியவர், வட்டார வள மையத்துக்கு வரும் இயன்முறை மருத்துவர். அவர் மகளின் தலையைத் தொடவே இல்லை. எதிரே மண்டியிட்டு, இடுப்பெலும்பை இருபுறமும் உள்ளங்கைகளால் பற்றி, பிட்டம் முதுகுப் பலகையோடு ஒட்டும்வரை மெல்லப் பின்னே நகர்த்தினார். முதுகுக்குப் பின்னால் இருந்த இடைவெளியை மடித்த போர்வையால் அடைத்து, தொங்கிக்கொண்டிருந்த பாதங்களுக்குக் கீழே செங்கற்களை வைத்தார். சற்று நேரத்தில் அவள் தலை தானாக நிமிர்ந்தது. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன்.

பிறகு கொண்டலாம்பட்டியில் ஓர் ஆசாரியிடம் புது நாற்காலி செய்தோம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 31 செ.மீ.; இரண்டு விரல் இடைவெளி விட்டு இருக்கையின் ஆழம் 28 செ.மீ. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து கால்பலகை. முழங்கை உயரத்தில் மேசைத் தட்டு. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல், தொடை மடிப்பின் மேல் சாய்வாக இறங்கி, இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையிலான மூலையை நோக்கிப் போக வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே உள்ள கட்டை, கால்கள் கத்தரிபோலப் பின்னாமல் காக்கத்தான். குழந்தை சறுக்குவதைத் தடுக்க அதை நம்பினால் கவட்டையில் புண் வரும்.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். மாமியார் அவளை மடியில் படுக்க வைத்து ஊட்டுவார். அன்பில் குறையே இல்லை. ஆனால் தலை பின்னே சாய்ந்திருக்கும்போது விழுங்கினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். அடிக்கடி வந்த நெஞ்சுச்சளிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இப்போது அவர் எதிரே மணையில் அமர்ந்து, மகளின் தாடை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி கீழிருந்து கரண்டியைக் கொண்டுவருகிறார். உண்டபின் அரை மணி நேரம் அவள் நிமிர்ந்தே இருக்கிறாள்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் நாள் முழுதும் அதில் இருத்தக் கூடாது. தரையில் குப்புறப் படுப்பதும், நிற்கும் சட்டத்தில் நிற்பதும் மாறி மாறி வர வேண்டும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு நழுவுகிறது. நடக்க இயலாதவர்களுக்கு இன்னும் அதிகம். தொடக்கத்தில் வலி தெரியாது என்பதால், நன்றாக உட்கார்ந்தாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம்.

மரத்துக்குச் செலவழிக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும் ஒரு தாய், மாம்பழ அட்டைப்பெட்டிகளை அடுக்கடுக்காக மைதாப் பசையால் ஒட்டி, வெயிலில் காயவைத்து இருக்கை செய்திருக்கிறார். தட்டினால் பலகைபோல் ஒலிக்கிறது. ஏற்காட்டுப் பனியில் அட்டை ஊறிவிடும் என்பதால் வார்னிஷ் மட்டும் இரண்டு முறை பூசச் சொன்னேன்.

எங்கள் ஆசாரி முதுகுப் பலகையை நகர்த்தி மாட்ட மூன்று வரிசைத் துளைகள் போட்டுக் கொடுத்திருந்தார். போன வாரம் மீண்டும் அளந்தபோது மகளின் தொடை 2 செ.மீ. வளர்ந்திருந்தது. பலகையைக் கழற்றி இரண்டாம் வரிசையில் மாட்டினோம்.