பாஸ்டன் ஜாய் ஸ்ட்ரீட் மேட்டுல ஒரு காலை

போன அக்டோபர்ல தங்கச்சி வீட்டுக்கு பாஸ்டன் போயிருந்தேன், எல்லாரும் சுதந்திரப் போராட்ட இடங்களைச் சுத்திக் காட்டற ஃப்ரீடம் ட்ரெயில் போங்க அக்கான்னு தான் சொன்னாங்க, ஆனா எனக்கு அதுக்கு பக்கத்துலயே இருக்கிற இன்னொரு பாதையில நடக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ப்ளாக் ஹெரிடேஜ் ட்ரெயில், அதாவது கருப்பின மக்களோட வரலாற்று இடங்கள் வழியா போற பாதை, மொத்தம் ஒன்றரை மைல் சொச்சம் தான், ஆனா அது இருக்கிற பீக்கன் ஹில் பகுதி நல்ல ஏத்தம், நடைபாதை எல்லாம் பழைய செங்கல், முட்டிவலி இருக்கிறவங்க பாத்துப் போங்க.

மேட்டுல ஏறி அந்தப்பக்கம் ஜாய் ஸ்ட்ரீட்ல இறங்கினா ஒரு சின்ன சந்துக்குள்ள ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ். நாட்டையே மாத்தின இடம்னு பெருசா நெனச்சுட்டு போனேன், பாத்தா நம்ம ஊர் பழைய பள்ளிக்கூடம் மாதிரி ஒரு செங்கல் கட்டடம். வெள்ளைக்காரங்க சர்ச்ல கருப்பின மக்களை மாடியில தான் உக்கார வைப்பாங்க, அதனால தங்களுக்குன்னு ஒன்னு வேணும்னு 1806ல பெரும்பாலும் தங்க கையாலயே கட்டினாங்க. ஆப்பிரிக்காவுல பிறந்த கேட்டோ கார்ட்னர் ஒருத்தரே 1500 டாலருக்கு மேல வசூல் பண்ணிருக்கார், வாசலுக்கு மேல அவர் பேரு கல்லுல இருக்கு. ஆனா திறப்பு விழா அன்னிக்கு கீழ் வரிசை எல்லாம் ஆதரவு தந்த வெள்ளைக்காரங்களுக்கு ஒதுக்கிட்டு, கட்டினவங்க மறுபடியும் மாடியில. இதைக் கேட்டதும் அந்த பெஞ்சுல உக்காரவே மனசு வரல எனக்கு.

1832 ஜனவரி 6, நல்ல பனிப்புயல் ராத்திரி, இதே கட்டடத்தோட கீழ்த்தள பள்ளிக்கூட அறையில தான் பத்திரிகையாளர் வில்லியம் லாயிட் கேரிசனும் கூட்டாளிகளுமா 12 பேர் கையெழுத்து போட்டு நியூ இங்கிலாந்து அடிமை ஒழிப்பு சங்கத்தை ஆரம்பிச்சாங்க. படிப்படியா இல்ல, உடனே விடுதலைங்கறது தான் அவங்க கோரிக்கை. அந்த 12 பேரும் வெள்ளைக்காரங்க. பள்ளிப் பாடத்துல கேரிசன் பேரு தான் வரும், ஆனா அவர் 1831ல ஆரம்பிச்ச லிபரேட்டர் பத்திரிகைக்கு முதல் வருஷங்கள்ல சந்தா கட்டி தாங்கினவங்க பெரும்பாலும் கருப்பின மக்கள் தான், அதை யாரும் சொல்றதில்ல.

அவருக்கு முன்னாடியே இதே தெருவுல டேவிட் வாக்கர் குடியிருந்தார். பழைய துணி வியாபாரி. அடிமைத்தனத்தை எதிர்த்து எழுந்து நில்லுங்கன்னு 1829ல ஒரு சின்ன புத்தகம் எழுதி, கடைக்கு வர்ற கப்பல்காரங்க துணிக்குள்ள ஒளிச்சு தெற்கு மாநிலங்களுக்கு அனுப்பினார். அங்க வெள்ளைக்காரங்க பயந்துபோய் இந்த மாதிரி எழுத்தைத் தடுக்க சட்டமே போட்டாங்க. அடுத்த வருஷமே அவர் இறந்துட்டார்.

கடைசியா பிலிப்ஸ் ஸ்ட்ரீட் 66. உள்ள போக முடியாது, இப்பவும் ஆட்கள் குடியிருக்காங்க, எதிர்ல நின்னு பாக்கலாம். கென்டக்கியில அடிமையா இருந்து தப்பி வந்த லூயிஸ் ஹேடனும் மனைவி ஹாரியட்டும் இங்க இருந்துகிட்டு, ஓடி வந்தவங்களுக்கு சோறு போட்டு ஒளிச்சு வெச்சாங்க. ஜார்ஜியாவுல இருந்து எல்லன் கிராஃப்ட் உடம்பு சரியில்லாத வெள்ளைக்கார முதலாளி வேஷத்துல, புருஷன் வில்லியம் அவரோட அடிமை மாதிரி, 1848 டிசம்பர்ல ரயில்லயும் கப்பல்லயுமா தப்பிச்சு வடக்கே வந்தாங்க, எல்லனுக்கு எழுதத் தெரியாது, யாரும் கையெழுத்து கேட்டுடக் கூடாதுன்னு வலது கைய துணியால கட்டித் தொங்க விட்டிருந்தாங்களாம். ஓடி வந்த அடிமைகளைப் புடிச்சு திருப்பிக் கொடுக்கணும்ங்கற 1850 சட்டம் வந்ததும் ஜார்ஜியாவுல இருந்து புடிக்க ஆள் வந்துட்டாங்க. அப்போ வில்லியம் கிராஃப்ட், லூயிஸ் ஹேடனோட இந்த வீட்டுல இருந்தார், உள்ள வந்தா வீட்டோட கொளுத்திடுவோம்னு ஹேடன் வெடிமருந்து பீப்பாயை தயாரா வெச்சிருந்தார். வந்தவங்க வெறுங்கையோட திரும்பினாங்க.

ஆனாலும் கிராஃப்ட் தம்பதியால பாஸ்டன்ல இருக்க முடியல, இங்கிலாந்துக்கு கப்பல் ஏறிட்டாங்க. உள்நாட்டுப் போர் முடிஞ்சப்புறம் தான் திரும்பி வந்தாங்க, அதுவும் ஜார்ஜியாவுக்கே, விடுதலையானவங்க பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் நடத்த.