பள்ளிக்கு லேசர் கட்டர் வாங்குகிறீர்களா? வாட் எத்தனை என்று கேட்பதற்கு முன் மூடி இருக்கிறதா என்று கேளுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளிகளில் வேலை செய்யும் நண்பர்கள், மேசை மேல் வைத்து, லேசர் ஒளியின் சூட்டால் அட்டையும் பலகையும் வெட்டுகிற சின்ன லேசர் கட்டர் பற்றி விசாரிக்கும்போது முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், எத்தனை வாட் வாங்கலாம்?" விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன, அதனால் கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் சுற்றி நிற்கப்போகும் ஒரு இயந்திரத்துக்கு அது மூன்றாவதோ நான்காவதோ கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, நாலு பக்கமும் மூடியிருக்கிறதா, மூடியைத் தூக்கினால் லேசர் தானாக நிற்கிறதா என்பது. இரண்டாவது, புகை எங்கே போகிறது. இதை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த வாட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இப்போது மேசைக்கு வரும் சின்ன லேசர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டையோடு லேசர், நீல ஒளி, அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். இன்னொன்று சிஓ2 லேசர், நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு, 10,600 நானோமீட்டர். டையோடு இயந்திரங்களில் "40 வாட்" என்று எழுதியிருந்தால் அது உள்ளே போகும் மின்சாரமா, வெளியே வரும் ஒளியா என்று பார்க்க வேண்டும். 40 வாட் மின்சாரம் தின்று 5, 10 வாட் ஒளி மட்டும் தரும் இயந்திரங்கள் நிறைய விற்றிருக்கின்றன. ஒரு நீல டையோடு 5, 6 வாட் ஒளிதான் தரும். 10, 20 வாட் வேண்டுமென்றால் இரண்டு, நான்கு டையோடுகளின் கதிர்களை ஒன்று சேர்க்கிறார்கள். அதனால் "ஆப்டிகல் பவர் எவ்வளவு" என்று கேளுங்கள். உண்மையான 10 வாட் ஒளி இருந்தால் பள்ளி வேலைக்குத் தாராளம், 3 மி.மீ. ப்ளைவுட் நிதானமாக வெட்டும். நிதானம் என்றால் விநாடிக்குச் சில மில்லிமீட்டர்தான், அவசரப்பட முடியாது.

நீல லேசரால் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கை வெட்ட முடியாது. ஒளி அப்படியே அதைத் தாண்டிப் போய்விடும், பொருள் சூடே ஆகாது. கறுப்பு அக்ரிலிக் வெட்டும், கண்ணாடி மாதிரி இருப்பது வெட்டாது. அதற்கு சிஓ2 வேண்டும். இதையே ஒரு வகுப்பாக எடுக்கலாம், ஒரு பொருள் எந்த நிற ஒளியை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படம் போட்டுச் சொல்வதை விட இது நேரே கண்முன் நடக்கும். சிஓ2 லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். பிள்ளைகளிடம் இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, மூடிக்கு வருகிறேன். மலிவாகக் கிடைக்கும் டையோடு இயந்திரங்களில் பல வெறும் சட்டம்தான். நாலு அலுமினியக் கம்பி, நடுவில் ஓடும் லேசர் தலை, சுற்றிலும் ஒன்றுமில்லை. பாதுகாப்பு வகைப்பாட்டில் இவை கிளாஸ் 4, அதாவது இருப்பதிலேயே ஆபத்தான வகை. நேராகப் பட்டால் மட்டுமில்லை, ஏதாவது ஒரு பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பினாலும், சில நேரம் மரத்தில் பட்டுச் சிதறும் ஒளியை அருகில் உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குக் கேடு. நீல ஒளி கண்ணின் லென்ஸைத் தாண்டி விழித்திரையில் போய்க் குவியும், அங்கே வெந்த இடம் திரும்ப வராது. கண் சிமிட்டக் கால் விநாடி ஆகும், அதற்குள் வேலை முடிந்துவிடும். கூடவே ஒரு பச்சை நிறக் கண்ணாடி தருவார்கள், ஒன்றே ஒன்று. வகுப்பில் முப்பது பேர். என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இப்படி ஒரு சட்டத்தை வகுப்பறை மேசையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து ஓட்டிக் காட்டினார்கள். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, அன்றைக்கே அந்த ஆசிரியரிடம் பேசினேன், மூடிய பெட்டி வரும்வரை நிறுத்திவைத்தார்.

முழுதாக மூடிய, பார்க்கும் ஜன்னலில் சரியான நிற வடிகட்டி உள்ள, மூடியைத் திறந்ததும் லேசர் அணைகிற இயந்திரம் கிளாஸ் 1, அதாவது இருப்பதிலேயே பாதுகாப்பான வகை ஆகிவிடும். உள்ளே இருப்பது அதே லேசர்தான், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணாடி தேவையில்லை. பள்ளிக்கு இது ஒன்றைத்தான் நான் சொல்வேன். 20 வாட் திறந்த சட்டமும் 10 வாட் மூடிய பெட்டியும் ஒரே விலையில் வந்தால் யோசிக்காமல் பெட்டியை எடுங்கள். கே40 என்று ஒரு சீன சிஓ2 இயந்திரம், நீல உலோகப் பெட்டியில் 30க்கு 20 செ.மீ. அளவில் வேலை செய்யும், பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உலகம் முழுக்க அதை வைத்திருக்கிறார்கள். அதுவும் பெட்டிதான், ஆனால் பலவற்றில் மூடிக்கு அந்த நிறுத்தும் சுவிட்ச் இருக்காது, எர்த்தையும் நாமேதான் சரிபார்க்க வேண்டும். குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் போகிறது. எலக்ட்ரிக்கல் தெரிந்த ஒருவர் வீட்டில் வைத்துப் பழகட்டும், வகுப்பறைக்கு வேண்டாம்.

அப்புறம் புகை. இதில்தான் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். ப்ராஜெக்ட் என்றதும் பிள்ளைகள் ஸ்டேஷனரி கடையில் வாங்கிவருவது என்ன? சன்போர்டு. வெள்ளையாக, லேசாக, கத்திக்கு எளிதாக வெட்டுப்படுகிறது. அந்தப் பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி பிவிசி நுரைப் பலகை. பிவிசியை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலுக்குக் கெடுதல், இயந்திரத்தின் கம்பி, லென்ஸ், திருகு எல்லாவற்றையும் அரிக்கும். ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், எல்லாம் அதே குடும்பம். தெர்மாகோல் சட்டென்று பற்றும். ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உருகி ஒட்டும், புகையும் விஷம். பாலிகார்பனேட் கருகும், வெட்டாது. இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், சன்போர்டு கூடாது என்று.

என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டு வந்தால் ஒரு பழைய சோதனை இருக்கிறது, வேதியியல் ஆசிரியர் கூட இருக்க, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். செம்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, சூட்டோடு அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் மாதிரி ஹாலஜன் ஏதோ இருக்கிறது, லேசருக்கு வேண்டாம். பெயில்ஸ்டைன் சோதனை என்பார்கள். சுடர் பச்சையாகும் அந்த நொடியைப் பார்த்த பிள்ளை பிவிசியை வாழ்நாளில் மறக்காது.

வெட்டத் தகுந்தவை என்றால் அட்டை, ப்ளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பருத்தித் துணி, காகிதம், சிஓ2 இருந்தால் அக்ரிலிக். கொட்டாங்கச்சியில் பெயர் பொறித்தால் அழகாக வரும், காசும் இல்லை. எம்டிஎஃப் மலிவு, எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றை ப்ளைவுட் கடையிலேயே ஓரடிச் சதுரமாக அறுத்துத் தரச்சொன்னால் 32 துண்டு கிடைக்கும். ஆனால் எம்டிஎஃப்பின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, புகை கண்ணை எரிக்கும். எக்ஸாஸ்ட் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள், அடுத்த வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே விடாதீர்கள். வடிகட்டிப் பெட்டி வாங்கினால் அதன் கார்பனை அவ்வப்போது மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும், டீ குடிக்கக்கூடப் போகக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், சிஓ2 வகையாக இருந்தால் நல்லது, பவுடர் அடித்தால் நெருப்போடு இயந்திரமும் போய்விடும்.

கடலோரத்தில் இருக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். உப்புக் காற்றில் லேசர் தலை ஓடும் இரும்புத் தண்டவாளங்களும், அடியில் விரிக்கும் தேன்கூட்டு மேடையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். லென்ஸில் ஒரு படலம் படியும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தால் சரியாகும். சிஓ2 குழாய்க்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மே மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாளித் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரி, ஐஸ் போடலாம் என்றால், குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பது போல அந்தக் கண்ணாடிக் குழாயும் வியர்க்கும், உயர் மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. அதிகச் சூடும் ஆகாது, அதிகக் குளிர்ச்சியும் ஆகாது, நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகவும் குறுகல். காற்றாலேயே குளிரும் டையோடு இயந்திரத்தை இந்தப் பக்கப் பள்ளிகளுக்கு நான் சொல்வதற்கு இது பெரிய காரணம். முடிந்தால் மாடியில் வையுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, தரைத்தளத்தில் இருந்த பொருள்கள் என்ன ஆயின என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு பற்றியே பேசிப் பயமுறுத்திவிட்டேனோ தெரியவில்லை, இவ்வளவும் செய்து வைக்கிற அளவுக்கு இந்த இயந்திரம் பெறுமதியானது என்பதால்தான் சொல்கிறேன். பிள்ளைகள் தாங்களே வரைந்ததை வெட்டும்போதுதான் அது தெரியும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் டைனோசரை இறக்கி வெட்டுவதில் ஒன்றும் இல்லை. தன் பெயரைத் தமிழில் சாவிக்கொத்தாக வெட்டச் சொல்லுங்கள். கார்த்திக் என்ற பையன் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் பெயரை அடித்து அப்படியே வெட்டினால் என்ன கிடைக்கும்? துணைக்கால் தனியே, ஒவ்வொரு எழுத்தும் தனியே, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மூன்றும் சாம்பல் தட்டில். எல்லாம் ஒரே துண்டாக நிற்க அடியில் ஒரு பட்டை வேண்டும், புள்ளியை எழுத்தோடு இணைக்க ஒரு காம்பு வேண்டும். அதே பெயரை ஸ்டென்சிலாக வெட்டினால் சிக்கல் தலைகீழ், 'க'வின் மூடிய வளைவுக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பாலம் வேண்டும். இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முதல் துண்டு கையில் உதிர்ந்ததும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்குக் கோலமும் இப்படித்தான், கோட்டுக்கு ஒரு அகலம் கொடுக்காமல் வெட்டினால் கோலமே மிஞ்சாது. ஒரு விஷயம், சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி உட்காரும், எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு நல்ல பாடம் பொருத்துதல். லேசர் ஒரு கோட்டை வெட்டும்போது அந்தக் கோட்டின் அகலத்துக்கு மரத்தை எரித்துவிடும், 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. 3 மி.மீ. பலகைக்கு 3 மி.மீ. பள்ளம் வரைந்தால் ஆடும். போதாக்குறைக்கு 3 என்று விற்கும் ப்ளைவுட் வெர்னியர் அளவுகோலில் 2.7 காட்டும், இன்னொரு பலகை 3.2 காட்டும். அதனால் 2.5-ல் தொடங்கி 0.1 ஏறிக்கொண்டே போகும் பள்ளங்களோடு ஒரு சீப்பு வெட்டி, எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். வெர்னியரை ஆய்வகப் பதிவேட்டுக்காக மட்டும் தொட்ட பிள்ளைகள் அன்றைக்குத்தான் அது எதற்கு என்று தெரிந்துகொள்கிறார்கள்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் வரை, பாதி அமைப்பதற்கு, பாதி ஐந்தாண்டு நடத்துவதற்கு. உங்கள் பள்ளியில் ஏற்கெனவே அது இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். இல்லாத பள்ளிகள் இயந்திரம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. பெயர்ப்பலகை, கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் செய்யும் கடைகளில் பெரிய சிஓ2 இயந்திரம் இருக்கும், ஜாப் ஒர்க் எடுப்பார்கள். பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு குழுவாக வரையட்டும், எல்லாரின் வரைபடத்தையும் ஓரடிப் பலகையில் நெருக்கி அடுக்கி ஒரே ஃபைலாக அங்கே கொடுங்கள். ஒரு பருவம் இப்படி ஓட்டினால், இயந்திரம் வந்தால் உண்மையில் பயன்படுமா என்பதும் தெரிந்துவிடும். கடைக்கு டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபட ஃபைல் கொடுக்கும்போது ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள். இங்கே மில்லிமீட்டரில் வரைந்தது அங்கே அங்குலமாகத் திறந்துகொள்வதுண்டு, வெட்டுவதற்கு முன் அந்தச் சதுரத்தைத் திரையில் அளந்து பார்க்கச் சொன்னால் போதும்.